தாய்வழி எந்தப் படியில்?
பரிணாமத்தின் பெயரால் சொல்லப்படும் சில பொய்கள்

"பெண்ணுக்கு இதுதான் இயற்கை" என்று சொல்ல முன்பெல்லாம் சாத்திரத்தைத் துணைக்கு அழைத்தார்கள். இப்போது டார்வினை அழைக்கிறார்கள். ஆண் வேட்டையாடப் பிறந்தவன், பெண் குகையில் பிள்ளை பார்க்கப் பிறந்தவள். ஆண் போட்டியிடுவான், பெண் பொறுத்துக்கொள்வாள். ஆண் பலரை நாடுவான், பெண் ஒருவனோடு அடங்குவாள். கல்லூரி விழா மேடையிலும் திருமண வாழ்த்துரையிலும் கைப்பேசியில் ஓடும் அரை நிமிடக் காணொளியிலும் இந்த வாக்கியங்கள் அறிவியல் முத்திரையோடு வருகின்றன. சாத்திரத்தை மறுக்கத் துணிந்த பெண்கூட அறிவியல் என்றதும் ஒரு கணம் தயங்குகிறாள். அந்தத் தயக்கம் தேவையற்றது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பரிணாம உயிரியலை மறுப்பது என் நோக்கம் இல்லை. அதை மறுக்கும் வேலையைச் செய்ய அதிகாரத்தில் இருப்பவர்களே போதும். பெண்ணைப் பற்றி அந்த அறிவியலின் பெயரால் சொல்லப்படுகிறவற்றில் பெரும்பகுதி அதைத் தவறாகப் படித்ததால் வந்தது. சில நேரங்களில் அறிவியலாளர்களே தவறாகப் படித்தார்கள். இதைச் சோதித்துப் பார்க்கக் களியக்காவிளை நல்ல இடம். இன்று தமிழ்நாட்டின் எல்லை ஊரான இது 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் விளவங்கோடு தாலுகாவில் இருந்தது. ஒரே வட்டாரத்தில், ஒரே தெருவில்கூட, மக்கள்வழிக் குடும்பமும் மருமக்கள்வழிக் குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த நிலம் இது. ஒரு வீட்டில் சொத்து அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது. அடுத்த வீட்டில் அம்மாவனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. இரு வீட்டுப் பெண்களின் உடலும் ஒன்றுதான். அப்படியானால் இதில் எது 'இயற்கை'?

முதல் பிழை, பரிணாமத்தை ஏணியாகப் பார்ப்பது. கூன் விழுந்த குரங்கு ஒன்று படிப்படியாக நிமிர்ந்து கடைசியில் மனிதனாக நடந்து போகும் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். டைம்-லைஃப் நிறுவனம் 1965இல் வெளியிட்ட ஆதி மனிதன் பற்றிய நூலுக்காக ருடால்ஃப் ஸாலிங்கர் வரைந்த படத்திலிருந்து பிறந்த வரிசை அது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அந்த வரிசையில் நடப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். பல லட்சம் ஆண்டு மனித வரலாற்றில் பிள்ளை பெற்றவள் ஒருத்தியும் அந்தப் படத்துக்குள் வரவில்லை.

படம் சொல்லும் கருத்தும் பிழை. குரங்கு மனிதனாக மாறவில்லை. மனிதருக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொது மூதாதை இருந்தது. அங்கிருந்து இரண்டும் தனித்தனியே கிளைத்தன. 1837இல் டார்வின் தன் குறிப்பேட்டில் வரைந்தது ஒரு மரத்தின் கிளைகளை. 1859இல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இருக்கும் ஒரே படமும் கிளைபிரியும் வரைபடம்தான். நம் ஊர்ச் சந்தையைப் பார்த்தாலே இது விளங்கும். மட்டி, ஏத்தன், செந்துளுவன், பேயன் என்று குலை குலையாகத் தொங்குகின்றன. எல்லாம் காட்டு வாழைகளிலிருந்து கிளைத்து வந்த உறவுக்காரர்கள். இதில் எது உயர்ந்த வாழை, எது பின்தங்கிய வாழை என்று யாராவது கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். சிப்ஸ் போட ஏத்தன் நல்லது, குழந்தைக்கு ஊட்ட மட்டி நல்லது என்பார். எதற்கு, எந்தச் சூழலுக்கு என்று கேட்காமல் 'தகுதி' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. 'தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்' என்பதை 'வலுத்தவன் வெல்வான்' என்று மாற்றிச் சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததாக நம் முன்னோர் சொல்லவில்லை, எனவே டார்வின் சொன்னது தவறு என்று பேசினார். அவர் மறுத்தது டார்வினை அல்ல, அந்த ஏணிப் படத்தை. 2023இல் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பத்தாம் வகுப்போடு அறிவியல் பாடத்தை நிறுத்தும் மாணவி, பரிணாமத்தைப் பாடமாக ஒருபோதும் படிக்காமலே காணொளியில் மட்டும் கேட்பாள். அவளிடம் ஏணியைக் காட்டி எதையும் நம்ப வைக்கலாம்.

இந்த ஏணி நம் மண்ணின் பெண்கள் மீதே சாத்தப்பட்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் உயிரினங்களை வரிசைப்படுத்தியது போலவே குடும்ப முறைகளையும் படிப்படியாக அடுக்கினார்கள். 1861இல் பாகோஃபென் 'தாயுரிமை' நூலில், தாயாட்சி முதலில் இருந்தது என்றும் தந்தையாட்சி அதை வென்று எழுந்தது என்றும் எழுதினார். 1877இல் மார்கன் காட்டுமிராண்டி நிலையிலிருந்து நாகரிகம் வரை படிகளை வகுத்தார். இடையில் 1865இல் ஸ்காட்லாந்துச் சட்ட அறிஞர் மெக்லெனன் 'தொன்மைத் திருமணம்' என்ற நூலில், பல கணவர் மண முறையின் இரண்டு படிகளைக் குறித்தார். கீழ்ப்படிக்கு அவர் வைத்த பெயர் நாயர் முறை. மேல்படிக்கு திபெத் முறை. கணவர்கள் உறவில்லாதவர்களாக இருந்தால் தந்தை யாரென்று தெரியாது, அதனால் தாய்வழி. கணவர்கள் சகோதரர்களாக இருந்தால் தந்தையின் இரத்தமாவது உறுதி, அதனால் தந்தைவழிக்கு வழி பிறக்கும் என்பது அவர் கணக்கு. களியக்காவிளையைச் சுற்றியிருந்த தறவாடுகளில் பிறந்த பெண்களின் வாழ்க்கை இப்படித்தான் உலக நூலகங்களில் மனித குலத்தின் கீழ்ப்படிகளில் ஒன்றாகப் பதிவானது.

புத்தகத்தில் எழுதியது புத்தகத்தோடு நிற்கவில்லை. ஆங்கிலக் கல்வி பெற்ற ஆண்கள் அந்தக் கண்ணாடியில் தங்கள் வீடுகளைப் பார்த்து வெட்கப்பட்டார்கள். 1893இல் ரவிவர்மா தீட்டிய 'இதோ அப்பா வருகிறார்' ஓவியத்தில், கையில் குழந்தையோடு ஓர் இளம்பெண் சட்டகத்துக்கு வெளியே பார்த்து நிற்கிறாள். மாதிரியாக நின்றவர் ஓவியரின் மகள் மகாபிரபா; தாய்வழிக் குடும்பத்துப் பெண். படத்தில் அப்பா இல்லை, ஆனால் எல்லாப் பார்வையும் அவருக்காகக் காத்திருக்கிறது. மலபாரில் தாய்வழி முறை சிதைந்ததை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜி. அருணிமா 2003இல் வந்த தன் நூலுக்கு இந்த ஓவியத்தின் பெயரையே வைத்தார். திருவிதாங்கூரில் 1912, 1925 ஆண்டுகளின் நாயர் சட்டங்கள் வந்தன. நாஞ்சில் நாட்டு வேளாளருக்கு 1926இல் தனிச் சட்டம் வந்தது. அப்பா படத்துக்குள் வந்துவிட்டார்.

இங்கே தாய்வழியைப் பொற்காலமாக்கும் எதிர்ப்பிழையையும் தவிர்க்க வேண்டும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்வதாக அமைந்த அங்கத நூல். கணவன் வீட்டில் அவளுக்கு உரிமை இல்லை. அவன் சொத்து அவள் பிள்ளைகளுக்கு இல்லை. இந்த முறையில் சொத்து பெண் வழியே போனது, ஆனால் சாவி பெரும்பாலும் அம்மாவன் கையில் இருந்தது. அந்த மனைவியின் துயரம் உண்மையானது. ஆனால் நூலைப் படிக்கும் நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அவள் துயரத்துக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டது சாவியை அம்மாவனிடமிருந்து கணவனுக்கு மாற்றுவதுதானா, பெண்ணிடமே கொடுப்பதா? மனைவியையும் நாத்தனாரையும் எதிரெதிரே நிறுத்தும் கதையில் சாவி வைத்திருக்கும் ஆண் எளிதாகத் தப்பிவிடுகிறான்.

'மேல்படி' என்று சொல்லப்பட்ட மக்கள்வழியில் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? நாயர் சட்டங்கள் வந்த அதே காலத்தில், 1916இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது போதும் என்றது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அந்தக் கணக்கு கேரளத்தில் நடைமுறையில் இருந்தது. நாகரிகத்தின் ஏணியில் சமூகம் மேலே ஏறுவதாகச் சொன்னபோது பெண் எந்தத் திசையில் போனாள் என்பதை ஏணி போட்டவர்கள் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது பிழை நுட்பமானது. 20ஆம் நூற்றாண்டில் ஏணி மறைந்து கணக்கு வந்தது. மரபணுக்களைப் பரப்பும் நடத்தையே தேர்வில் நிலைக்கும் என்றால், ஓர் ஆண் தன் சொத்தைத் தன் பிள்ளையை விட்டுச் சகோதரியின் பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறான்? சொந்தப் பிள்ளை அவனோடு பாதி மரபணுவைப் பகிர்கிறது. சகோதரியின் பிள்ளை கால்பங்கு. இது பரிணாம மானிடவியலில் பெரிய கேள்வியானது. தரப்பட்ட விடை, மெக்லெனன் சொன்னதன் நவீன வடிவம்: மனைவியின் பிள்ளை தன்னுடையதா என்ற உறுதி இல்லாத ஆண், உறுதியான சகோதரியின் பிள்ளைமேல் முதலீடு செய்கிறான். இதன் உட்பொருளை வெளிப்படையாகச் சொல்வோம்: தாய்வழிச் சமூகத்துப் பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்ற பழைய வசைதான் இங்கே வாய்பாடாக எழுதப்பட்டது.

அந்த வாய்பாட்டை வாய்பாடாகவே சோதிக்கலாம். 1970களில் கணக்கைத் துல்லியமாகப் போட்டார்கள். மனைவிமார் பெறும் பிள்ளைகள் கணவனுடையவையாக இருக்கும் வாய்ப்பு 100க்கு 27க்கும் கீழே இறங்கினால்தான் ஆணுக்குச் சகோதரியின் பிள்ளை 'இலாபம்'. தந்தை யாரென்ற ஐயம் சகோதரியையும் தொடும் என்பதை மறந்துவிட்டார்கள். அவளும் ஒரே தந்தைக்குப் பிறந்தவளா என்று தெரியாதல்லவா? அதையும் சேர்த்தால் எல்லை இவ்வளவு கீழே போகிறது. மரபணுச் சோதனை வந்தபின் அளந்து பார்த்தார்கள். நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் 48 விழுக்காடு பிள்ளைகள் கணவன் அல்லாதவருக்குப் பிறந்தவர்கள். மனிதரிடம் இதுவரை அளந்து கண்டவற்றில் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று இது. அங்கேகூட கணவனே தந்தையாக இருக்கும் வாய்ப்பு 52 விழுக்காடு. எல்லையை விட ஏறத்தாழ இரு மடங்கு. ஆக, தாய்வழி முறையை விளக்க இந்தக் கணக்கு தனியே போதாது.

பிழை எங்கே? கேள்வியிலேயே இருந்தது. "ஆண் ஏன் இப்படிச் செய்கிறான்?" என்று மட்டுமே கேட்டார்கள். 1950இல் மானிடவியலாளர் ஆட்ரி ரிச்சர்ட்ஸ் இதற்குத் 'தாய்வழிப் புதிர்' என்று பெயர் வைத்தார். சகோதரனுக்கும் கணவனுக்கும் இடையே அதிகாரம் எப்படிப் பகிரப்படுகிறது என்பதே அவர் எழுப்பிய புதிர். அதிலும் நடுவில் நிற்பவர்கள் ஆண்கள்தான். 2000க்குப் பின் ரூத் மேஸ், கிளேர் ஹோல்டன், ரெபெக்கா சியர் போன்ற பெண் ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: தாய் தன் சொத்தை மகளுக்குக் கொடுத்தால் பேரக்குழந்தைகளுக்கு என்ன நன்மை? மகள் பெறும் பிள்ளை தன் பேரப்பிள்ளை என்பதில் பாட்டிக்கு ஐயமே இல்லை. மாடு போன்ற, ஆண்பிள்ளைக்குக் கொடுத்தால் அவனுக்கு அதிக மனைவிகளைச் சேர்த்துத் தரும் செல்வம் இல்லாத இடங்களில், மகள்வழிக் கொடை குடும்பத்துக்கு நல்ல வழியே. ஆப்பிரிக்க பாண்டு மொழிக் குடிகளை ஒப்பிட்டு ஹோல்டனும் மேஸும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மாடு வளர்ப்பு வந்த சமூகங்களில் தாய்வழி மறைய முனைந்ததைக் காட்டினார்கள். இதில் ஒழுக்கக் கேடும் இல்லை, கீழ்ப்படியும் இல்லை. சூழலுக்கு ஏற்ற ஒரு கிளை, அவ்வளவே.

கேள்வி கேட்பவர் மாறினால் பதில் மாறும் என்பதற்கு விலங்குகளிலும் சான்று இருக்கிறது. 'மனிதனின் வழித்தோன்றல்' நூலில் 1871இல் டார்வின், அறிவாற்றலில் ஆண் பெண்ணை விட உயர்ந்தவனாக ஆனான் என்று எழுதினார். 1875இலேயே அமெரிக்கரான ஆன்டாய்னெட் பிரவுன் பிளாக்வெல், பெண் உயிரினங்களைச் சரிவர எண்ணாமல் போட்ட கணக்கு இது என்று ஒரு நூலே எழுதி மறுத்தார். 1881இன் இறுதியில் கரோலின் கென்னர்ட் என்ற பெண் டார்வினுக்கு எழுதிக் கேட்டார். அவர் தன் கருத்தையே திரும்பச் சொன்னார். பெண்ணுக்கும் ஆணுக்குக் கிடைக்கும் சூழலைக் கொடுத்துப் பாருங்கள், பிறகு அறிவை அளக்கலாம் என்பது கென்னர்டின் பதிலின் சாரம். டார்வினின் பெருமை குறைந்துவிடுமோ என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் கண்டுபிடித்த விதி சரியாக இருக்கலாம், அவர் காலத்துத் தப்பெண்ணமும் அதே நூலில் இருக்கலாம்.

1948இல் பேட்மன் பழ ஈக்களை வைத்துச் செய்த சோதனை, "ஆண் பலரை நாடும், பெண்ணுக்கு ஒன்று போதும்" என்பதற்கு அடித்தளமாகப் பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது. 2012இல் பட்ரீசியா கோவாட்டி குழு அதே முறையில் சோதனையைத் திரும்பச் செய்தது. பெற்றோரை அடையாளம் காண இருவரின் பிறழ்வுகளையும் சுமக்கும் குஞ்சுகளை எண்ணும் முறை அது. இரண்டையும் சுமந்த குஞ்சுகள் பல எண்ணப்படும் முன்பே செத்தன. அதனால் கணக்கே சாய்ந்துவிட்டது. 64 ஆண்டுகள் அந்தச் சாய்வு யார் கண்ணிலும் உறுத்தவில்லை, ஏனென்றால் வந்த விடை எல்லோரும் எதிர்பார்த்த விடை.

நம் நாட்டுக் கோயில் வளாகங்களில் திரியும் மந்திக் குரங்குகளிடமும் இதே கதை. 1960களில் தார்வாடில் சுகியாமா, புதிதாகக் கூட்டத்தைக் கைப்பற்றும் ஆண் மந்தி குட்டிகளைக் கொல்வதைப் பதிவு செய்தார். 1970களில் ராஜஸ்தானின் அபு மலையில் சாரா ஹர்டி பெண் மந்திகளை உற்றுப் பார்த்தார். அவை பல ஆண்களோடு, வெளிக்கூட்டத்து ஆண்களோடும் கூடின. தந்தை யாரென்று எந்த ஆணுக்கும் தெளிவாகாதபடி செய்தால் குட்டி பிழைக்க வாய்ப்புண்டு என்று அவர் விளக்கினார். 'கற்புள்ள, அடங்கிய பெண்' என்று விலங்குலகிலிருந்து எடுத்துக் காட்டப்பட்ட பிம்பம் அங்கே உடைந்தது. ஆனால் இதிலிருந்து "மந்தி அப்படி, எனவே பெண்ணும் அப்படி" என்று முடிவு கட்டினால் நாமும் அதே பிழையைச் செய்கிறோம். இயற்கையில் குட்டிக் கொலையும் இருக்கிறது, குட்டியைக் கூடி வளர்ப்பதும் இருக்கிறது. இயற்கையில் ஒன்று இருப்பது அதை நியாயமாக்காது. மூன்றாவது பிழை இதுதான். மேடைகளில் மிக அதிகமாக உலவுவதும் இதுதான்.

சரி, மனிதப் பெண்ணின் இயல்பு என்று எதையாவது அளந்து காட்ட முடியுமா? 2009இல் வெளியான ஓர் ஆய்வில் தான்சானியாவின் தந்தைவழி மசாய் மக்களிடமும் மேகாலயத்தின் தாய்வழிக் காசி மக்களிடமும் ஒரே விளையாட்டைக் கொடுத்தார்கள்: பந்தை வாளியில் போட வேண்டும், தனியாக ஆடிச் சிறு பரிசு வாங்கலாம், எதிராளியோடு போட்டியிட்டுப் பெரிய பரிசும் வாங்கலாம். மசாய் ஆண்களில் 50 விழுக்காட்டினரும் பெண்களில் 26 விழுக்காட்டினரும் போட்டியைத் தேர்ந்தார்கள். காசி மக்களிடம் பெண்களில் 54, ஆண்களில் 39. சில நூறு பேர்கூட இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனால் "போட்டி பெண்ணின் இரத்தத்தில் இல்லை" என்ற வாக்கியத்தைக் கேள்விக்கு உட்படுத்த இது போதும். சீனாவின் மோசுவோ மக்களில் தாய்வழி ஊர்களும் தந்தைவழி ஊர்களும் உண்டு. இனமும் மொழியும் ஒன்றே. 2020இல் வெளியான ஆய்வில், தந்தைவழி ஊர்களில் உயர் இரத்த அழுத்தமும் நாட்பட்ட அழற்சியும் ஆண்களை விடப் பெண்களுக்கு மோசமாக இருந்தன. தாய்வழி ஊர்களில் அந்த வேறுபாடு தலைகீழானது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது பெண்ணின் இரத்த நாளம்வரை போய்ச் சேர்கிறது. அப்படியிருக்க, அவள் இயல்பைப் பற்றிப் பேசுகிறவர் அவள் சொத்துரிமையைப் பற்றிப் பேசாமல் இருப்பது அறிவியலாகாது.

பரிணாம உயிரியலில் பெரிய கேள்விகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. பெண் ஏன் மாதவிடாய் நின்றபின் இத்தனை ஆண்டுகள் வாழ்கிறாள்? தான்சானியாவின் ஹட்ஸா மக்களிடம் மூதாட்டிகள் கிழங்கு தோண்டிப் பேரக்குழந்தைகளுக்கு உணவளிப்பதைக் கண்ட கிறிஸ்டன் ஹாக்ஸ், அந்த உழைப்பே மனித ஆயுளை நீட்டியிருக்கலாம் என்ற கருதுகோளை வைத்தார். 2008இல் சியரும் மேஸும் 45 மக்கள் தொகுதிகளின் தரவுகளைத் தொகுத்தபோது, அம்மாவின் அம்மா உயிரோடு இருப்பது பல இடங்களில் குழந்தையின் உயிரைக் காத்தது தெரிந்தது. அப்பா இருப்பதன் தாக்கம் பல இடங்களில் எதிர்பார்த்ததை விடக் குறைவு. இந்தக் கருதுகோள்கள் இன்னும் விவாதத்தில் இருக்கின்றன, விவாதத்தில் இருப்பதே அறிவியலுக்கு அழகு. ஆனால் கிழங்கு தோண்டிய கிழவியைப் பார்க்கவே 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆகிவிட்டது என்பதை மறக்க வேண்டாம். அதுவரை எல்லோரும் வேட்டைக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது எளிது. யாராவது "இது இயற்கை" என்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தச் சூழலில்? யாரை எண்ணினீர்கள், யாரை எண்ணாமல் விட்டீர்கள்? இருப்பதைச் சொல்கிறீர்களா, இருக்க வேண்டும் என்கிறீர்களா? தமிழ்நாட்டில் மகளுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமைப் பங்கு தரும் சட்டத் திருத்தம் 1989இலேயே வந்துவிட்டது. இன்றும் விளவங்கோடு பக்கம் ஸ்ரீதனம் வாங்கிய கையோடு விடுதலைப் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்துக் கேட்பார்கள். பெண்பிள்ளை கேட்காமல் விட்டுக்கொடுப்பதே இயல்பு என்பார்கள். பழ ஈயிலும் மந்தியிலும் ஹட்ஸா கிழவியிடமும் தேடிப் பார்த்தாயிற்று. அந்த இயல்பு எங்கும் அகப்படவில்லை. அது எழுதப்பட்டிருப்பது அந்தப் பத்திரத்தில் மட்டும்தான்.